பன்றி விலா எலும்பு பார்பிக்யூ: இறைச்சிக்கடையில் தொடங்கி கரண்ட் போனது வரை

ஒரு நேரச் சாப்பாட்டுக்காக நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் 3000 ரூபாய்க்கு மேல் பணத்தையும் விட்ட கதை இது. பன்றி விலா எலும்பைத் துண்டு போடாமல் ஒரே முழுப் பலகையாக வேகவைத்து, வீட்டிலேயே பழ சாஸ் காய்ச்சித் தடவி, கனலில் வாட்டி எடுக்கிற பார்பிக்யூதான் அந்தச் சாப்பாடு. யூடியூபில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தமிழில் தேடினால் பன்றி வறுவலும் மிளகுப் பிரட்டலும்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் கிடைப்பதெல்லாம் அந்த ஊர்க் கடையையும் அந்த ஊர் ஓவனையும் மனதில் வைத்து எழுதியவை. நாகர்கோவில் பக்கம் ஒரு ஆள் இதைச் செய்யப்போனால் எங்கெங்கே தடுக்கும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நான் பாதிப் பணத்தோடு தப்பியிருப்பேன்.

அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு இந்தத் தடவை பிள்ளைகளோடு வருகிறாள் என்று முடிவாகியிருந்தது. நவம்பர் 24 கொடியேற்றம், டிசம்பர் 3 வரை திருவிழா. கடைசி நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதால் சொந்தக்காரர் எல்லாம் வீட்டில் கூடுவார்கள். போனில் மருமகன், "மாமா, அங்கே ரிப்ஸ் கிடைக்குமா?" என்று இந்த விலா எலும்பைத்தான் கேட்டான். "கிடைக்காமலா, நானே செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவிக்கு அந்த மாதம் முழுக்க இரவு டூட்டி. அம்மாவிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாத சோலிக்கு நான் வரல்ல மக்கா" என்று ஒதுங்கிவிட்டார். ஆக, நான் மட்டும்.

பிள்ளைகள் வருவதற்கு முன் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை கடைக்குப் போனேன். நம் பக்கம் பன்றி இறைச்சி பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாளும்தான். கூட்டம் நெருக்குகிற நேரம். "அண்ணே, நெஞ்செலும்பு ரெண்டு கிலோ" என்றேன். "வெட்டாண்டாம்" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் மரமுட்டியில் நான்கு வெட்டு விழுந்துவிட்டது. கறிக்குப் போடுகிற துண்டு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் கொடுக்கிறார். முழுசாக வேண்டும் என்று சொன்னபோது, "முழுசா கொண்டுபோய் என்னடே செய்யப்போற?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். கிலோ 400 ரூபாய், இரண்டு கிலோவும் அன்றைக்குத் தேங்காய்க் கொத்து போட்ட வறுவலாகப் போனது. ருசியில் குறையில்லை, ஆனால் வந்த காரியம் நடக்கவில்லை.

இந்தச் சமையலில் பாதி வெற்றி தோல்வி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலமே கடைக்காரரைப் பார்த்து, ஒரு பக்கத்து விலாவை முதுகெலும்பிலிருந்து பிரித்து, குறுக்கே வெட்டாமல் அப்படியே வேண்டும் என்று கையால் காட்டிச் சொல்லுங்கள். தோல் வேண்டாம், மேலே கிடக்கும் கட்டிக் கொழுப்பும் வேண்டாம், எலும்புக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குச் சதை இருக்கட்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் முடி பொசுக்கி தோலோடு விற்கிற வழக்கம் உண்டு, அந்தத் தோல் வறுவலுக்கு அருமை, இதற்கு உதவாது. விலாவை மட்டும் பிரித்து எடுத்தால் மிச்சத்தை விற்பது அவருக்குச் சிரமம் என்பதால் கூடக் கொஞ்சம் கேட்பார். நான் 100 ரூபாய் கூடக் கொடுத்தேன், அதில் பேரம் பேசவில்லை. விடியற்காலையில் உடல் பிரிக்கும் நேரத்துக்கே போய் நின்றால் நமக்குத் தேவையான பக்கத்தைக் காட்டி வாங்கலாம். எட்டு மணிக்குப் போனால் இருப்பதைத்தான் வாங்க முடியும்.

அப்படி நிற்கும்போது இறைச்சியையும் நன்றாகப் பாருங்கள். சதைக்குள் அரிசி அளவில் வெள்ளை மணி மணியாகத் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். அது நாடாப்புழுவின் இளநிலைப் பை. தெருவில் மேய்ந்த பன்றியில் அதற்கு வாய்ப்பு அதிகம், பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெள்ளைப் பன்றிதான் நல்லது. அமெரிக்க விவசாயத் துறை 2011ஆம் ஆண்டிலிருந்து பன்றியின் முழுத்துண்டு இறைச்சிக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ், அதன் பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல் போதும் என்கிறது. விலா எலும்பைப் பொறுத்தவரை அந்தக் கணக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். மெத்தென்று ஆவதற்கே 90 டிகிரியைத் தாண்ட வேண்டும், கிருமியும் புழுவும் அதற்கு முன்பே போய்விடும்.

அடுத்த ஞாயிறு முழுப் பலகை கையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் உட்பக்கத்தில் எலும்புகளை மூடி ஒரு பளபளப்பான சவ்வு. இதை எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கடிக்கும்போது ரப்பராக இழுக்கும், மசாலாவும் அந்தப் பக்கம் ஏறாது. எடுப்பதற்குக் கூரான கத்தி வேண்டாம், சவ்வு கிழிந்து துண்டு துண்டாகத்தான் வரும். ஓரத்திலிருந்து இரண்டாவது எலும்பின் மேல் ஒரு ஸ்பூன் காம்பை நுழைத்து நெம்பினால் சவ்வு கொஞ்சம் எழும்பும். விரலால் பிடித்தால் வழுக்கும், பழைய பருத்தித் துவர்த்தின் (துண்டின்) முனையால் இறுகப் பிடித்து இழுத்தேன். பாதி வரை கிழியாமல் ஒரே இழுப்பில் வந்தது. அந்தச் சத்தத்தில் கிடைத்த சந்தோஷம் அன்றைக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அப்புறம் நடந்தது முழுக்கச் சீரழிவு. நான் பின்பற்றிய குறிப்பில் இறைச்சியை அன்னாசிச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்லியிருந்தது. நம் ஊரில் அன்னாசிக்கா பஞ்சம்? குலசேகரம் பக்கம் இளம் ரப்பருக்கு நடுவில் ஊடுபயிராகப் போடுகிற கைதச்சக்கை, அதாவது அன்னாசி, சாலையோரத்திலேயே குவிந்து கிடக்கும். பழுத்து மணத்த பழமாகப் பார்த்து வாங்கி, பச்சையாக அரைத்து, அதில் பலகையை ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் மேல் சதை கூழாகியிருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டி வருகிறது. பச்சை அன்னாசியில் புரோமலின் என்று ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்தைத் தின்றுவிடும். அரை மணி நேரம் என்றால் மெதுவாக்கும், ராத்திரி முழுக்க என்றால் குழைத்துவிடும். பப்பாளிக்காயும் இதே வேலையைச் செய்யும். டின்னில் அடைத்த அன்னாசி சூடாக்கப்பட்டது என்பதால் அதில் இந்த நொதி செத்திருக்கும். அந்தக் குறிப்பை எழுதியவர் டின் சாற்றைத்தான் ஊற்றியிருப்பார், அதை எழுத அவருக்குத் தோன்றவில்லை. நம் கையில் இருப்பது பச்சைப் பழம். ஆகவே பழத்தை முதலில் கொதிக்க வைத்துவிடுங்கள். இறைச்சிக்கு உப்பு, நல்லமிளகுத் தூள், கொஞ்சம் வத்தல் மிளகாய்த் தூள், பூண்டு, இவ்வளவு தடவி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

அதோடும் விடவில்லை. கூழானது போக மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சாஸைத் தடவி நேரே கனலில் வைத்தேன். வீடியோவில் அப்படித்தான் பளபளவென்று காட்டினார்கள். சர்க்கரை நிறைந்த எதையும் நேரடிக் கனலில் நீண்ட நேரம் வைக்க முடியாது, பத்து நிமிடத்தில் கறுத்துவிட்டது. உள்ளே பச்சை, வெளியே கரி, நாக்கில் கசப்பு. இறைச்சி, பழம், கருப்பட்டி, கரி என்று கிட்டத்தட்ட 1100 ரூபாய் குப்பைக்குப் போனது. இரவு டூட்டி முடிந்து வந்த மனைவி அடுப்படியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாஸ் மட்டும் அன்றைக்கே பிடிபட்டது. அளவைச் சொல்கிறேன், மூன்று கிலோ விலாவுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். நடுத்தர அன்னாசி ஒன்று, தோல் சீவி நடுத்தண்டை எடுத்துவிட்டால் அரைக் கிலோ அளவு சதை வரும். கருப்பட்டி 150 கிராம். சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு பத்துப் பல், இஞ்சி ஒரு துண்டு, வத்தல் மிளகாய் எட்டு, நெல்லிக்காய் அளவு புளி, நல்லமிளகு ஒரு ஸ்பூன், கிராம்பு மூன்றே மூன்று. மாறாமலைப் பக்கம் விளைகிற நம் மாவட்டத்துக் கிராம்பு காரம் கூடியது, புவிசார் குறியீடு வாங்கியது, அதில் நான்காவது விழுந்தாலும் சாஸ் பல்வலி மருந்து மாதிரி மணக்கும். கருப்பட்டியை அப்படியே உடைத்துப் போடாதீர்கள். கால் டம்ளர் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டினால் துணியில் மணலும் தூசியும் தங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். வாங்கும்போதே சந்தேகப்பட்டுத்தான் வாங்க வேண்டும். சீனி கலந்த கருப்பட்டி ஏராளமாக விற்கிறது. அது வெறும் இனிப்பைத்தான் தரும், புகைமணம் வராது.

வெங்காயம், பூண்டு, இஞ்சியைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து அன்னாசி குழைய வேகவிட்டு, ஆறியபின் அரைத்து, மறுபடி அடுப்பில் வைத்துச் சுருக்க வேண்டும். வினிகர் நான்கு மேசைக்கரண்டி, ஒரேயடியாக ஊற்றாமல் ருசி பார்த்து ஊற்றுங்கள், கடையில் கிடைக்கிற சிந்தெடிக் வினிகர் தொண்டையைப் பிடிக்கும். கெட்டித்தன்மை போதவில்லை என்றால் பழுத்த மட்டி வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போடலாம். செந்துளுவனும் போட்டுப் பார்த்தேன், வாழைப்பழ வாசனை தூக்கலாகிவிட்டது, மட்டிதான் அடங்கிப் போகிறது. புளியும் வினிகரும் இருப்பதால் அலுமினியப் பாத்திரம் ஆகாது, மண்சட்டி அல்லது ஸ்டீல். சுருங்கச் சுருங்க சாஸ் குமிழ்விட்டுத் தெறிக்கும். என் முன்கையில் இப்போதும் ஒரு தழும்பு இருக்கிறது. நீளக் காம்புக் கரண்டியும் பாதி மூடிய தட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் இரண்டாகப் பிரித்து வையுங்கள், ஒன்று தடவுவதற்கு, மற்றது மேசைக்கு. தடவுகிற பிரஷ் பட்ட சாஸை யாருக்கும் பரிமாறக் கூடாது.

திருவிழாவின் கடைசி நாள். ஆறு மணிக்கெல்லாம் பலகைகள் வீட்டுக்கு வந்துவிட்டன. என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன், முழுப் பலகை உள்ளே போகாது. நான்கு நான்கு எலும்பாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று அலுமினிய ஃபாயிலில் இறுகப் பொதிந்து, 135 டிகிரியில் வைத்தேன். கணக்குப்படி இரண்டரை மணி நேரம். எலும்பைச் சுற்றி இருக்கிற கெட்டித் தசைநார் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாற அந்த நேரம் தேவை, அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் சதை காய்ந்து போகும், நார் அப்படியே நிற்கும்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை, வெளியே கொட்டுகிறது. கரண்ட் போனது. வந்துவிடும் என்று நினைத்துக் காத்திருந்தேன், பக்கத்து வீட்டில் கேட்டால் எங்கோ மரம் விழுந்திருக்கிறதாம். மதியம் இருபது பேர் சாப்பிட வருவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வெந்த இறைச்சியை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைச்சி கிடந்தால் கிருமி பெருகிவிடும். ஓவன் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் கொஞ்ச நேரம் சூடு நிற்கும், ஆனால் அதை நம்பி இருபது பேருக்குப் பரிமாற மனம் வரவில்லை.

அம்மாதான் எட்டிப் பார்த்து, "இட்லிப் பானையில வைக்கப்படாதா?" என்று கேட்டார். சோலிக்கு வரமாட்டேன் என்று சொன்னவர். பெரிய இட்லிப் பானையை கேஸ் அடுப்பில் ஏற்றி, தண்ணீர் கொதித்ததும் பொதிகளின் மடிப்பு மேலே பார்த்திருக்கும்படி அடுக்கி, மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். மடிப்பு கீழே இருந்தால் ஆவித்தண்ணீர் உள்ளே இறங்கி ருசி கரைந்துவிடும். தண்ணீர் வற்ற வற்ற, தனியாகக் கொதிக்க வைத்த தண்ணீரையே ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று மறுபடி எழும்ப நேரமாகும். இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்படி வெந்தது. இப்போது கேட்டால், ஓவனை விட இட்லிப் பானைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. முழு நேரமும் அதிலேயே வைத்தால் இரண்டு மணி நேரம் போதும். பிரஷர் குக்கர் வேண்டாம். நான்கு விசிலில் வெந்துவிடும், ஆனால் எலும்பு வேறு சதை வேறாகக் கழன்று, கனலில் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

வெந்துவிட்டதா என்று பார்க்க, இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மறு ஓரம் தொய்ந்து, மேல் சதை லேசாக விரிசல் விட வேண்டும். எலும்பு நுனியிலிருந்து சதை ஒரு விரல் நகம் அளவுக்குப் பின்வாங்கியிருக்கும். என்னிடம் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய வெப்பமானி இருந்தது, 93 காட்டியது. அது இல்லாமலும் கண்ணுக்கே தெரியும். ஃபாயிலுக்குள் தேங்கியிருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், மேலே மிதக்கிற கொழுப்பை நீக்கிவிட்டு, தடவுகிற சாஸில் இரண்டு கரண்டி சேர்த்தால் சாஸுக்கே வேறு உயிர் வந்துவிடும்.

கடைசியாகக் கனல். நமக்குத் தேங்காய்ச் சிரட்டை இருக்க வேறு கரி எதற்கு? ஆனால் பற்றவைத்ததும் கரும்புகையும் உயரமான தீயும் எழும், அந்த நேரத்தில் இறைச்சியைக் காட்டினால் தார் வாசனை ஏறிவிடும். தீ அடங்கி, சிவந்த கனலாகி, மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுக்க வேண்டும். இறைச்சி வைக்கிற வலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி ஐந்து வரை எண்ண முடிந்தால் சூடு சரி. புகைமணத்துக்கு ரப்பர் மரத் துண்டு போடலாமா என்று கேட்பார்கள். மரச்சாமான் பட்டறையில் கிடைக்கிற ரப்பர் மரம் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தில் ஊறியது, அது அடுப்புக்கே வேண்டாம். காய்ந்த கொய்யாக் கம்பு ஒன்றிரண்டு போதும். கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலையையும் எடுக்காதீர்கள், அதில் பூசியிருக்கிற துத்தநாகம் கனலில் புகையும். மீன் சுடுகிற ஸ்டீல் வலையை இரவல் வாங்கினேன்.

மாட்டுத்தொழுவத்துக் கூரைக்குக் கீழே, சாரல் அடிக்க அடிக்க, மெல்லிசாக ஒரு கோட் தடவி, திருப்பி, மூன்று நிமிடம் கழித்து மறுபடி தடவி, அப்படி மூன்று தடவை. மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. இறைச்சி ஏற்கெனவே வெந்தது, கனலுக்கு வேலை சாஸை ஒட்டவைப்பது மட்டும்தான். ஓரங்களில் கருப்பட்டி குமிழ்விட்டு, கருஞ்சிவப்பாகி, ஒட்டிக்கொண்டதும் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு எலும்புக்கு நடுவில் வெட்டினேன்.

பிள்ளைகள் கை முழுக்க சாஸ் வடியச் சாப்பிட்டார்கள். பெரியவர்களுக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் பச்சை மிளகாய்ச் சம்மந்தியும் பக்கத்தில் வைத்திருந்தேன், அதனால் தப்பித்தேன். பெரியம்மா ஒரு எலும்பை முழுசாகத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்கா, ஆனா இதுக்கு இவ்வளவு பாடு வேணுமா? நல்லமிளகு போட்டு வரட்டியிருந்தா போதுமே" என்றார். அக்கா, அத்தானுக்கு எடுத்து வைக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை என்றாள். அன்று சாயங்காலம்தான் கரண்ட் வந்தது.

மீந்த சாஸை சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குத் தாங்கும், பொரித்த சாளை மீனுக்கும் கிழங்குக்கும் தொட்டுக்கொள்ளலாம். மறுபடி செய்வதானால் என் செலவு மூன்று கிலோ இறைச்சிக்கு 1300 ரூபாய், மற்ற சாமானுக்கு 300, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குச் செய்ய நினைக்கிறவர்கள் 24ஆம் தேதி சாயங்காலம் போய்க் கேட்டால் பலகை கிடைக்காது, அன்றைக்குக் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லி, முன்பணம் கொடுத்து, அவர் கையால் சீட்டில் "வெட்டாமல்" என்று எழுத வைத்துவிடுங்கள்.